வரி குறைந்த இரவில் அலமாரியில் இருந்த சரக்கு யார் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியாபாரம் மந்தமானால் விற்பனை வரியைக் குறைக்க வேண்டும், குறைத்தால் முதலில் மூச்சு விடுவது சிறு கடைக்காரர்தான் என்று பலரும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். வரி குறைவதை நாங்கள் எதிர்க்கவில்லை. சோப்புக்கும் பற்பசைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்பது கூலி வேலைக்குப் போகும் வீட்டின் மேல் ஏற்றிய பாரம். 2025 செப்டம்பர் 22 அன்று அது 5 சதவீதம் ஆனது நியாயமே. ஆனால் அந்தக் குறைப்பு எந்த வழியாகக் கடைக்கு வந்து சேர்கிறது, வரும் வழியில் யார் கல்லாவிலிருந்து எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்பவர் குறைவு. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக, கேரள எல்லை தாண்டி ஆரியங்காவு வரை கடை வைத்திருப்பவர்களும் அவர்களுக்குக் கணக்கு எழுதுபவர்களும் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வரி 18லிருந்து 5க்கு இறங்கினால் விலை நூற்றுக்குப் பதின்மூன்று குறையும் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். குறையாது. 118 ரூபாய்ப் பொருள் 105 ஆகும். 118இல் 13 என்பது 11 சதவீதம். 12லிருந்து 5க்கு வந்த குடை, சைக்கிள், சமையல் பாத்திரம், நெய், பெயர் அச்சிட்டுப் பொட்டலமிட்ட மிக்சர் எல்லாம் ஆறேகால் சதவீதம்தான் இறங்கும். சிமென்ட் 28லிருந்து 18 ஆனது. 350 ரூபாய் மூட்டை ஏறக்குறைய 323 ஆகும், அதாவது எட்டு சதவீதத்துக்கும் குறைவு. விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட எண்ணைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இதைக் கல்லாவில் நின்று விளக்குவது தினசரி வேலையாகிவிட்டது.

இனி சரக்கு. ஒரு கடைக்காரர் வரி நீங்கலாக 92 ரூபாய்க்குப் பொருள் எடுக்கிறார், வரி நீங்கலாக 100 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சோப்பு, ஷாம்பு, தலை எண்ணெய், பிஸ்கட் வகையில் சில்லறைக் கடைக்கு இந்த அளவுதான் நிற்கும். பழைய வரியில் அவர் கொள்முதலுக்குக் கொடுத்தது 92உடன் 16.56 சேர்த்து 108.56. விற்ற விலை 118.

அவர் இணக்க வரித் திட்டத்தில், கடைத்தெருவில் எல்லோரும் சொல்லும் பெயரில் காம்போசிஷனில் இருந்தால், வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க முடியாது. வாங்கிய சரக்கின் வரியை வரவு எடுக்கவும் முடியாது. விற்றுமுதலில் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போக வேண்டும். 118க்கு விற்று 1.18 கட்டியபின் அவருக்கு நின்றது 8.26. செப்டம்பர் 22 காலையில் அதே பொருளின் விலை 105. அதில் 1.05 வரி போனால் கையில் 103.95. வாங்கிய விலை 108.56. ஒவ்வொரு பொருளிலும் 4.61 கைநட்டம். பதிவே இல்லாத பெட்டிக்கடைக்கு அந்த ஒரு சதவீதம் கிடையாது என்பதால் நட்டம் 3.56. பெட்டிக்கடைக்காரர் வரி கட்டுவதே இல்லை, வரி குறைந்தால் அவருக்கு என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர் வாங்கிய ஒவ்வொரு டஜனிலும் 18 சதவீதத்தை மொத்தக் கடையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

இதை ஒரு கடை முழுவதற்கும் போட்டுப் பாருங்கள். 18 சதவீத வரியில் வாங்கிய சரக்கு, வரி சேர்த்து 1,50,000 ரூபாய்க்கு இருப்பு. புதிய வரியில் அதே சரக்கின் கொள்முதல் விலை 1,33,475. ஓர் இரவில் 16,525 ரூபாய் கரைந்தது. அந்தச் சரக்கை முழுக்க விற்றிருந்தால் லாபமே ஏறக்குறைய 11,400தான் வந்திருக்கும். இப்போது அத்தனையும் விற்று முடித்தாலும் 6,300க்கு மேல் கைநட்டம்.

இங்கேதான் மந்தம் வந்து சேருகிறது. வியாபாரம் நன்றாக ஓடும் காலத்தில் பதினைந்து நாளில் கழியும் சரக்கு, மந்தத்தில் ஒன்றரை மாதம் அலமாரியில் கிடக்கும். வரி குறையும் நாளில் பழைய விலைச் சரக்கு அதிகமாக இருப்பதும், அது கழிய அதிக நாள் ஆவதும் மந்த காலத்தில்தான். நல்ல காலத்தில் வரியைக் குறைத்தால் சிறு கடைக்கு ஏற்படும் கீறல், மந்தத்தில் குறைத்தால் வெட்டுக்காயம் ஆகிறது. மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுத்த சரக்கு என்றால் இன்னும் மோசம். பொருளின் விலை இறங்கிவிட்டது, கடன் சீட்டில் எழுதிய தொகை இறங்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பலர் தண்டல்காரரிடம் போகிறார்கள். அங்கே நாள் வசூல்.

சரக்குக்குச் சரக்கு இது மாறும். சிமென்ட் கடையில் மூட்டைகள் மூன்று நாலு நாளில் இறங்கி ஏறிவிடும். வைத்திருந்தால் கட்டிப்போகும் என்பதால் யாரும் அதிகம் வைப்பதில்லை. அங்கே நட்டம் சிறிது. பாத்திரக் கடை நேரெதிர். முகூர்த்தக் காலத்துக்கு வாங்கிய அண்டாவும் குத்துவிளக்கும் அடுத்த தை வரை இருக்கும். குடை எங்கள் ஊருக்கே உரிய சரக்கு. குற்றாலச் சாரலையும் மலைக்கு அந்தப் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையையும் நம்பி மே மாதம் எடுத்து வைப்பார்கள். சாரல் ஓய்ந்தபின் மிஞ்சியது ஐப்பசி மழை வரை கட்டோடு கிடக்கும். செப்டம்பரில் வரி இறங்கினால், 12 சதவீதத்தில் வாங்கிய அத்தனை குடையும் அந்த இடைவெளியில் மாட்டும். 448 ரூபாய்க் குடை 420.

இந்த நட்டம் காம்போசிஷன்காரருக்கும் பதிவில்லாதவருக்கும் மட்டும்தான், முறையாக ஜி.எஸ்.டி. கட்டுபவருக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை விற்கும்போது கட்டும் வரியில் கழிக்கும் வசதி, இருக்கிறதே என்பார்கள். ஏட்டில் சரி. அதே பொருளை வழக்கமான முறையில் பதிவான கடைக்காரர் 105க்கு விற்றால், 5 ரூபாய் வரிக்கு எதிராக அவர் வரவில் 16.56 இருக்கிறது. லாபம் பழையபடி 8 ரூபாய்தான். ஆனால் மீதி 11.56 கணக்குப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டது. கையிலிருந்து போனது 108.56, கைக்கு வந்தது 105. மாட்டிய வரவு எப்போது வெளியே வரும்? புதிய சரக்கில் வாங்கும்போது 4.60 வரி, விற்கும்போது 5 ரூபாய் வரி. ஒரு பொருளுக்குக் கட்ட வேண்டியது 40 காசு. பழைய ஒரு சோப்பில் மாட்டிய 11.56ஐக் கழிக்கப் புதிய சோப்பு 29 விற்க வேண்டும். கடையில் 18 சதவீதச் சரக்கு வேறு ஓடினால் கொஞ்சம் சீக்கிரம் கழியும். சோப்பு, பிஸ்கட், எண்ணெய் மட்டும் விற்கும் சின்னக் கடைக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வாங்கியதும் விற்றதும் ஒரே பொருள், இடையில் வரி மாறியது என்றால் தேங்கிய வரவை ரொக்கமாகத் திருப்பித் தருவதில்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2020ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஏட்டில் லாபம், கல்லாவில் பற்றாக்குறை. மொத்தக் கடைக்காரர் ஏட்டைப் பார்த்துச் சரக்கு தருவதில்லை.

கம்பெனிகள் வித்தியாசத்தைக் கொடுத்தன அல்லவா என்று கேட்கலாம். கொடுத்தவை ஏஜென்சிக்குக் கொடுத்தன. ஏஜென்சி தன் நேரடி வரிசையில் உள்ள கடைக்குக் கொடுத்தது. செங்கோட்டை, தென்காசி மொத்தக் கடைகளில் பத்து அயிட்டம் கலந்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போகும் புளியரை, கற்குடி, கேசவபுரம் பக்கத்துக் கடைக்காரர் எந்த ஏஜென்சிப் பட்டியலிலும் இல்லை. அவருக்கு அது எட்டும் வழியே கிடையாது. பழைய பொட்டலங்களில் திருத்திய விலைச் சீட்டு ஒட்ட மத்திய அரசு அனுமதித்தது. பழைய அச்சு விலை மறையாமல் ஒட்ட வேண்டும் என்பது நிபந்தனை. சீட்டு ஒட்டுவது எளிது. ஒட்டிய சீட்டுக்கும் கொடுத்த பணத்துக்கும் நடுவில் உள்ள தொகைதான் பிரச்சினை.

சில்லறைக் காசையும் சொல்ல வேண்டும். 5 ரூபாய் பிஸ்கட் 4.45 ஆகிறது. 10 ரூபாய்ப் பொருள் 8.90. 2 ரூபாய் ஷாம்பு பாக்கெட் 1.78. இந்த விலையை அச்சிட்டுவிட்டால், ஐம்பது காசே செல்லாத கடைத்தெருவில் 55 காசும் 22 காசும் எப்படித் திருப்பிக் கொடுப்பது? கொடுக்கவில்லை என்றால் கடைக்காரன் வரிச் சலுகையை விழுங்குகிறான் என்ற பேச்சு. மிட்டாய் கொடுத்தால் அதற்கும் சண்டை. இந்தச் சின்னப் பொட்டலங்களுக்கு ஒரே சரியான வழி விலையை அப்படியே விட்டு எடையைக் கூட்டுவதுதான். 118ஐ 105ஆல் வகுத்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு கிராமுக்கு மேல் கூட வேண்டும். அந்தப் புதிய எடைப் பொட்டலம் கடைக்கு வந்த பிறகு, பழைய எடைச் சரம் ஆணியிலேயே தொங்கும். குழந்தைகூட இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிதைத்தான் வாங்கும்.

காத்திருப்பு இன்னொரு அடி. வரி குறையப்போகிறது, தீபாவளிப் பரிசு என்று 2025 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையிலிருந்து, டெல்லிச் செங்கோட்டையிலிருந்து, அறிவித்தார். ஜி.எஸ்.டி. மன்றம் செப்டம்பர் 3 அன்று முடிவெடுத்தது. அமலுக்கு வந்தது 22. முப்பத்தெட்டு நாள். அந்த இடைவெளியில்தான் ஓணம், செப்டம்பர் 5. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பண்டிகைக் கொள்முதலுக்கு வருகிறவர்களை நம்பி ஆவணியில் சரக்கு நிரப்புவது எங்கள் பக்க வழக்கம். டிவி, சைக்கிள், பாத்திரம் என்று தள்ளிப்போடக்கூடிய எதையும் மூன்று வாரம் கழித்து மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்தபின் யார் வாங்குவார்கள்? மந்தத்தில் மக்கள் ஏற்கெனவே தள்ளிப்போடுகிறார்கள். அரசே தேதி குறித்துக் கொடுத்துத் தள்ளிப்போடச் சொன்னதுபோல் ஆயிற்று.

இடைவெளி குறைவாக இருந்தால் வேறு சிரமம் உண்டு என்பதும் தெரியும். 2008 நவம்பர் 24 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் வாட் என்ற விற்பனை வரியை 17.5லிருந்து 15 சதவீதம் ஆக்குவதாக அறிவித்தார். டிசம்பர் 1இல் அமல். ஒரே வாரம், அதுவும் கிறிஸ்துமஸ் நெருக்கடியில். விலைச்சீட்டு மாற்றவே கடைகள் திணறின. 117.50 பவுண்டு பொருள் 115 ஆனது, இரண்டு சதவீதம் சொச்சம். அந்த அளவுக்காக மந்தத்தில் யாரும் கடைக்கு ஓடி வருவதில்லை. இரண்டு கஷ்டங்களில் எங்கள் தேர்வு குறுகிய இடைவெளிதான். ஒரு வாரம் சீட்டு ஒட்டித் திண்டாடலாம், ஐந்து வாரம் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்ட முடியாது. 2008 டிசம்பர் 7இல் நம் நாட்டிலும் மந்தத்துக்காகக் கலால் வரியை நான்கு புள்ளி ஒரேயடியாகக் குறைத்தார்கள். அது தொழிற்சாலை வாசலில் விழும் வரி. வாசலைத் தாண்டிக் கடைக்கு வந்துவிட்ட சரக்கில் பழைய வரி அப்படியே உறைந்து கிடந்தது.

பிரிட்டன் கதையில் எல்லையோரக் கடைக்காரர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே டிசம்பர் 1 அன்று அயர்லாந்து தன் வாட்டை 21லிருந்து 21.5 ஆக உயர்த்தியது. வடக்கே எல்லை தாண்டினால், பிரிட்டனுக்குள் இருக்கும் வட அயர்லாந்தில், நியூரி என்ற ஊர். டப்ளின் பக்கத்திலிருந்து கார்கள் அங்கே வரிசை கட்டின. எல்லைக்கு இரு பக்கமும் ஆறரைப் புள்ளி வரி வித்தியாசம்; அதற்கு மேல் பவுண்டின் மதிப்பு யூரோவுக்கு எதிராகச் சரிந்திருந்தது. நியூரிக்கு வாழ்வு வந்தது இந்த வித்தியாசத்தால். வரி குறைந்தது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இப்படிக் கூட்டம் சேர்ந்திருக்காது. 2010 ஜனவரி 1இல் அயர்லாந்து 21க்கு இறங்கியது, பிரிட்டன் 17.5க்கு ஏறியது.

எங்கள் எல்லையிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. கேரளம் 2005 ஏப்ரலில் வாட்டுக்குப் போனது, தமிழ்நாடு 2007 ஜனவரியில்தான். இடைப்பட்ட இருபத்தொரு மாதம் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் வேறொரு வரி. ஆரியங்காவு சோதனைச் சாவடியில் லாரிகள் நின்ற காலம். 2017 ஜூலை 1க்குப் பிறகு வரி இரு பக்கமும் ஒன்று. கேரளம் 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை விதித்த ஒரு சதவீத வெள்ள வரி மட்டுமே விதிவிலக்கு. அதில் பாதிக்கு மேல் கொரோனா காலம். இன்று வரி 5 ஆனால் புனலூரிலும் 5, செங்கோட்டையிலும் 5. ஆகவே வரிக் குறைப்பு எல்லைக் கடைத்தெருவுக்கு ஒரு புது வாடிக்கையாளரைக்கூடக் கொண்டுவராது. பலசரக்கு என்ற சொல் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கிறது, இப்போது அதன் விலையும் அப்படியே.

மலையாளப் பக்கத்திலிருந்து ஆட்களை இழுப்பது காய்கறி, ஜவுளி, பாத்திரம், சாரல் சீசன், கார்த்திகை முதல் தை வரை ஐயப்பன் சீசன். பாவூர்ச்சத்திரத்திலிருந்து போகும் காய்கறிக்கு வரியே இல்லை, குறைக்கவும் ஒன்றுமில்லை. தென்மலை, புனலூர் வீடுகளில் செலவழிக்கப் பணம் இருக்கிறதா என்பதை வரியைவிட ரப்பர் விலைதான் தீர்மானிக்கிறது. 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ரப்பர் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. அப்படி விழும்போது மாதம் 1,500 ரூபாய்க்கு சோப்பும் பிஸ்கட்டும் வாங்கும் வீட்டுக்கு 165 ரூபாய் வரி மிச்சமானால், அது கூடுதல் சோப்பாக மாறாது. பழைய பாக்கிக்குப் போகும். போகட்டும், அந்த வீட்டுக்கு அது தேவை. கடைக்கு விற்பனை கூடும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

எல்லைக்கு உரிய ஒரு விதி இதை இன்னும் இறுக்குகிறது. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷனில் இருக்கலாம். ஆனால் வரியுள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம், காம்போசிஷன் கிடையாது. வீட்டிலேயே முறுக்கும் காரச்சேவும் போட்டு, பொட்டலமிட்டு, ஆட்டோவில் ஆரியங்காவு, தென்மலைக் கடைகளுக்குப் போடுகிறவர் முழு ஜி.எஸ்.டி. கணக்கு வைக்க வேண்டும். அதே அளவு உற்பத்தி செய்து கடையநல்லூருக்குப் போடுகிறவருக்கு அந்தச் சுமை இல்லை. சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் மலையேற இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை வேண்டாம். கடைக்கு நேரில் வந்து வாங்கிப் போகும் கேரள வாடிக்கையாளருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பதிவில்லாதவருக்கு விற்கும்போது பில்லில் அவர் முகவரியோ மாநிலமோ எழுதாவிட்டால் அது கடை இருக்கும் மாநிலத்து விற்பனைதான். 2023 அக்டோபர் 1 முதல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பில்லில் மரியாதைக்காகக் ‘கொல்லம், கேரளா’ என்று எழுதி, காம்போசிஷன் தகுதிக்கே கேள்வி வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

பொட்டல மிக்சர், காரச்சேவு 12லிருந்து 5க்கு வந்தது இந்தத் தயாரிப்பாளர்களுக்கு உண்மையான உதவி, அதை மறைக்கக் கூடாது. உதிரியாக விற்றால் முன்பும் 5தான். பெயர் அச்சிட்டுப் பொட்டலம் போட்டால் 12 என்ற தண்டனை போய்விட்டது. அட்டைப் பெட்டியும் 12லிருந்து 5. பிளாஸ்டிக் உறையும் கடை சிலிண்டரும் 18லேயே இருக்கின்றன.

காம்போசிஷன் கடைகளுக்கு வந்திருக்கும் நிரந்தரப் பாதிப்பை இதுவரை யாரும் பேசவில்லை. பழைய கணக்கையே எடுங்கள். 18 சதவீத காலத்தில் அந்தப் பொருளுக்கு வழக்கமான முறையில் கையிலிருந்து கட்ட வேண்டியது 1.44, காம்போசிஷனில் 1.18. காம்போசிஷன் மலிவு. 5 சதவீத காலத்தில் வழக்கமான முறையில் 40 காசு, காம்போசிஷனில் 1.05. அதாவது சிறு வியாபாரிக்கான சலுகைத் திட்டத்தில் இருப்பவர், பெரிய கடையைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வரி கட்டுகிறார். முன்பு நூறு ரூபாய் விற்பனை விலையில் ஆறரை ரூபாய்க்கு மேல் லாபம் வைப்பவருக்குக் காம்போசிஷன் சரிப்பட்டது. இப்போது 21 ரூபாய்க்கு மேல் வைத்தால்தான் சரிப்படும். எந்தப் பலசரக்குக் கடையில் சோப்புக்கு 21 சதவீதம் நிற்கிறது? புதிய சரக்கிலும் அவர் லாபம் 8.26லிருந்து 7.35க்கு இறங்கிவிட்டது. கடை வாடகையும் மின்கட்டணமும் இறங்கவில்லை. விட்டுவிட்டு வழக்கமான முறைக்குப் போகலாம் என்றால், மாதம் ஒரு லட்சம் விற்கும் கடைக்கு அதில் மிச்சமாகும் 600 ரூபாய் சொச்சத்தைக் கணக்கெழுதும் கூலி தின்றுவிடும்.

ஒரு நல்லது இருக்கிறது. பழைய சரக்கு கழிந்ததும் அதே அலமாரியை நிரப்ப 1,50,000க்குப் பதில் 1,33,475 போதும். மந்தத்தில் முதல் குறைவாக முடங்குவது பெரிய விஷயம். வரிக் குறைப்பால் சிறு கடைக்கு வரும் உண்மையான லாபம் இது ஒன்றுதான் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அந்தக் கரைக்குப் போவதற்கு முன் பழைய சரக்கின் நட்டத்தைத் தாண்ட வேண்டும். அங்கேதான் அரசின் கை வேண்டும்.

வழி புதிதல்ல. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, கலால் வரி கட்டியதற்கான ரசீது இல்லாத பதிவு பெற்ற வியாபாரிக்குக்கூட, அந்தச் சரக்கை விற்று அவர் கட்டும் மத்திய ஜி.எஸ்.டி.யில் 60 சதவீதத்தை, 18க்குக் கீழான வரியாக இருந்தால் 40 சதவீதத்தை, ஆறு மாதம் வரை வரவு வைத்தார்கள். அரசுக்கு இதைச் செய்யத் தெரியும். வரி குறையும் இரவின் இருப்பைக் கொள்முதல் பில் எண்ணோடு முப்பது நாளுக்குள் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பதிவு செய்ய காம்போசிஷன்காரரை அனுமதித்து, வித்தியாசத்தை அடுத்த நான்கு காலாண்டு வரியில் கழிக்கட்டும். வரியுள்ள சரக்கை ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு விற்பவர் கட்டுவது 30,000. நாங்கள் சொன்ன 16,525 அதற்குள் அடங்கும். பதிவில்லாத கடைக்கு, கம்பெனி தரும் விலை வித்தியாசம் பில் வைத்திருக்கும் கடைசிக் கடை வரை மொத்த வியாபாரி மூலம் போக வேண்டும் என்று ஆணையிடட்டும். 5 சதவீதப் பொருள்களுக்கு காம்போசிஷன் வரியை ஒன்றிலிருந்து கால் சதவீதமாக்கட்டும். எல்லைத் தாலுகாக்களில் உள்ளவர், பக்கத்து மாநிலத்துக்கு ஆண்டுக்கு ஒரு வரம்புவரை காம்போசிஷனிலேயே விற்க வழி செய்யட்டும். இணையவழியில் மாநிலத்துக்குள் விற்க 2023இல் காம்போசிஷன்காரருக்குக் கதவு திறந்தார்கள், புளியரைக்கும் திறக்கலாம்.

அதுவரை கடைக்காரர்கள் செய்ய வேண்டியது. வரி குறையும் பேச்சு கிளம்பியதும் மெதுவாகக் கழியும் சரக்கை மூன்று நாள் தேவைக்கு மேல் எடுக்காதீர்கள். கடனுக்கு எடுத்தால், விலை இறங்கினால் வித்தியாசம் கழிக்கப்படும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழகிய மொத்தக்காரர் மறுப்பது அபூர்வம். காம்போசிஷனிலிருந்து வெளியேறுவதாக இருந்தால், வரி குறையும் நாளுக்கு முன்பே சி.எம்.பி.-04 படிவம் போட வேண்டும். வெளியேறிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் ஐ.டி.சி.-01 படிவத்தில் முந்தைய நாள் இருப்பின் வரியை வரவாகக் கேட்கலாம். பில் ஓராண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டர் சான்று வேண்டும். மறுபடி காம்போசிஷனுக்குத் திரும்ப, நிதியாண்டு தொடங்குமுன், மார்ச் 31க்குள் சி.எம்.பி.-02. அப்போது கையிருப்புச் சரக்கின் வரவைத் திருப்பிக் கட்டி அறுபது நாளுக்குள் ஐ.டி.சி.-03 போட வேண்டும். இந்த நடைமுறை எதற்கும் துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கு செல்லாது. உங்கள் ஜி.எஸ்.டி. எண் போட்ட முழு பில்லை இன்றைய கொள்முதலிலிருந்தே கேட்டு வாங்கி, தேதி வாரியாகக் கோத்து வையுங்கள்.

இப்படிக்கு,
சில்லறை வணிகர்களும் கணக்கெழுதுவோரும்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.